பதினோரு மீன்களும் ஒரு கையெழுத்தும்

8

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு மாட்டும் சத்தம். பிறகு காவலாளியின் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"பாஸ், நம்மளையும் சேர்த்துப் பூட்டிட்டாங்க," என்றான் பட்டாசு.

"காது கேக்குது," என்றாள் நத்தை.

அந்தப் பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில், மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, எடுத்த வழக்கை முதுகில் ஓடு மாதிரிச் சுமந்துகொண்டு திரிகிற ஒரு துப்பறிவாளருக்கு அது பொருத்தமான பெயர்தான். பட்டாசுக்குப் பெயர் வைத்தது அவள். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூன்று மணி நேரம் வாயை மூடவில்லை.

இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு நீளமான தகரக் கொட்டகை. வரிசையாக நான்கு சிமென்ட் தொட்டிகள், நீல வண்ணம் அடித்த ஒரு பம்ப், சுவரோடு ஓடும் குழாய்கள். கடைசியில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி. ஜன்னல் கிடையாது. பின்சுவரின் உச்சியில் மட்டும் காற்றுப் போக இரும்புச் சட்டங்கள் வைத்த ஒரு திறப்பு. கைபேசிகளை வாசலிலேயே வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். பகல் இரண்டரை மணி வெயில் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

உள்ளே மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தார். போல்ட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டச்சு செய்த ஒரு காகிதம். தொழிற்சாலையில் எல்லோரும் அவரைத் தண்ணிக்காரர் என்றார்கள். போல்ட்டுகளுக்கு முலாம் பூசிய பின் வெளியே வரும் விஷத்தண்ணீரை இந்த நான்கு தொட்டிகளிலும் ஏற்றி இறக்கி, ஆற்றுக்குக் கூசாமல் அனுப்பக்கூடிய தண்ணீராக மாற்றுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை.

மடியில் இருந்த காகிதத்தில், தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

விஷயம் இதுதான். இந்த போல்ட்டுகளை வாங்கும் கார் கம்பெனி, இரண்டு வருடத்துக்கு முன் 'பசுமைச் சங்கிலி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. போல்ட் செய்கிறவர் தொடங்கி ஷோரூமில் கார் கழுவுகிறவர் வரை, ஒவ்வொருவரும் தான் தொடும் தண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கம்பெனியின் பசுமை அதிகாரி. உண்மையாகவே அதற்காக உழைக்கிற மனிதர். முந்நூறு தொழிற்சாலைகளிலும் சுத்திகரித்த தண்ணீர் வந்து விழுகிற கண்ணாடித் தொட்டியில் பன்னிரண்டு மீன்களை விடச் சொன்னது அவர்தான். மீன் பொய் சொல்லாது என்பது அவருடைய வாசகம். எல்லாத் தொழிற்சாலை வாசலிலும் அதைப் பச்சை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இன்று காலை இந்தத் தொட்டியில் மீன்கள் செத்து மிதந்தன.

நாலு மணிக்குக் கம்பெனியின் இயக்குனர் வருகிறார். அதற்குள் யார் குற்றவாளி என்று ஓர் அறிக்கை வேண்டும். வெளியாள் ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த வெளியாளாகத்தான் பசுமை அதிகாரி நத்தையைக் கூப்பிட்டிருந்தார். அறிக்கை முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்பதும் அவர் விதிதான்.

நத்தை தண்ணிக்காரரின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். அவள் கையமர்த்தி, நேற்று என்ன நடந்தது என்று கேட்டாள்.

அவர் சொன்னது குறைவு. நேற்று அவரைப் பொறுப்பு வகுப்பு ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். காலை பத்து மணிக்குக் குழாய்களைத் தானியங்கியில் விட்டுவிட்டு வேன் ஏறினார். வகுப்பு சாயங்காலம்வரை நடந்தது. தண்ணீரை எப்படிப் பொறுப்போடு பார்த்துக்கொள்வது என்று படம் போட்டு விளக்கினார்கள். கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் வந்து பார்த்தால் இப்படி.

"நீங்க சான்றிதழ் வாங்கிட்டிருந்த நேரத்துல இங்க மீனெல்லாம் செத்துட்டிருந்திருக்கு," என்றான் பட்டாசு. நத்தை அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அவசரத்தில் இரண்டாம் தொட்டியின் வால்வுக்குப் பதில் முதல் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார், சுத்தம் செய்யாத தண்ணீர் நேராக மீன் தொட்டிக்குப் போயிருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. காலையில் அவர் வந்தபோது வால்வுகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் இடையில் யாராவது பார்த்துத் திருத்தியிருக்கலாமே என்றார்கள்.

"நீங்க திறந்தீங்களா?" என்று கேட்டாள் நத்தை.

அவர் காகிதத்தின் ஓரத்தை மடித்து, மறுபடி நிமிர்த்தினார்.

"பத்தொம்பது வருஷமா தினம் திறக்குறேன்மா. நேத்து திறந்தது தனியா ஞாபகத்துல நிக்கல. காலைலேர்ந்து கேட்டுக் கேட்டு, நான்தான் திறந்தேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு."

கொட்டகைக்குக் கதவு ஒன்றுதான். இவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அதுவும் இல்லை என்று நத்தைக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டால் அவர் பெயர் கம்பெனியின் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் ஏறிய பெயரை முந்நூறு தொழிற்சாலைகளில் ஒன்றுகூட வாசல் தாண்ட விடாது. வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"பட்டாசு, மீனை எண்ணு."

செத்த மீன்களை ஒரு தட்டில் போட்டு ஈரத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான். சுவரில் தொங்கிய பதிவேட்டை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் தண்ணிக்காரரின் கையெழுத்தில் பன்னிரண்டு என்று இருந்தது.

"பதினொண்ணுதான் இருக்கு பாஸ். ஒரு ஆள் தலைமறைவு. ஓடிப்போனவன்தான் குற்றவாளின்னா கேஸ் முடிஞ்சுது."

நத்தை சிரிக்கவில்லை. தண்ணிக்காரரைப் பார்த்தாள். இத்தனை நேரம் தலை நிமிராதவர் இப்போது நிமிர்ந்து, எல்லாப் பக்கமும் பார்த்தார். ஒரு பக்கத்தைத் தவிர.

"பட்டாசு, கொஞ்சம் நட."

"எங்க பாஸ்?"

"எங்க வேணா. பூட்டித்தானே இருக்கு."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்கிறவன் மாதிரி உலவினான். கதவுப் பக்கம் போனான். தண்ணிக்காரர் அசையவில்லை. கண்ணாடித் தொட்டிப் பக்கம் போனான். அசையவில்லை. பம்ப்பை நெருங்கியபோது அவருடைய வலது கால் தரையை லேசாகத் தேய்த்தது. பம்ப்பின் பின்னால் போனபோது மடியில் இருந்த காகிதம் நழுவியது.

"நில்லு," என்றாள் நத்தை. "கீழ பாரு."

பம்ப்பின் பின்னால் சாக்குப் போட்டு மூடிய ஒரு வாளி இருந்தது. மேலே போகும் குழாயிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று அதில் சொட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் போட்ட ஓட்டை வழியாக அதிகத் தண்ணீர் சாக்கடைக்கு வழிந்தது. பட்டாசு சாக்கை நீக்கினான். உள்ளே, பாதி வால் இல்லாத ஒரு மீன் அவனைத் திரும்பிப் பார்த்தது.

"சார் உயிரோட இருக்காரு," என்றான் மெதுவாக.

தண்ணிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பிடிபட்டவரின் முகம் அது. மற்ற மீன்கள் இதன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தன, ஒன்பது நாளைக்கு முன்னால் தனியே எடுத்து வைத்தேன் என்றார். மீனை யாரும் தொடக் கூடாது, தொட்டால் அது சோதனையில் கைவைத்த குற்றம் என்று மூன்றாம் விதி சொல்கிறது. அதனால் பதிவேட்டில் பன்னிரண்டு என்றே எழுதி வந்தார். ஆறினதும் திரும்ப விட்டுவிடலாம் என்று நினைத்தார். இப்போது இதையும் சொன்னால் இரண்டாவது குற்றமாகுமே என்று பயந்து, வாயைத் திறக்கவில்லை.

நத்தை ரப்பர்க் குழாயைக் கையால் தொடர்ந்துகொண்டே போனாள். அது பெரிய குழாயில் சேரும் இடம், மீன் தொட்டியின் வால்வுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

"இந்த வாளிக்கும் அந்தத் தொட்டிக்கும் ஒரே தண்ணிதானா?"

"ஒரே தண்ணிதான்."

"நேத்து பூரா?"

"நேத்தும், ராத்திரியும். இது நிக்கவே நிக்காது."

"அப்போ நீங்க வால்வைத் தப்பாத் திறந்திருந்தா, முதல்ல செத்திருக்க வேண்டியது இதுதான். ஏற்கெனவே அரை உயிர்."

அவர் அதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு வாளியின் அருகே குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் இரண்டு விரலை விட்டார். மீன் விலகிப் போய் மறுபடி வந்தது. அவர் முதுகு ஒருமுறை குலுங்கி நின்றது. பட்டாசு வேறு எங்கோ பார்த்தான்.

வாளித் தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது. வைக்கோல் ஊறிய தண்ணீர் போல. நத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நிறம் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள். எப்போதும் இப்படித்தான், இது அழுக்கு இல்லை, இந்த வேலையில் மிஞ்சுகிற நிறம், இதைவிட வெளுப்பாக வந்தால்தான் நான் பயப்படுவேன் என்றார் அவர்.

"பட்டாசு, வாசல் கூடத்துல டிவில ஒரு படம் ஓடிட்டிருந்துச்சே."

"ஆமா பாஸ். இதே தொட்டி. நேத்து எடுத்தது, தேதியே போட்டிருந்துச்சு. அதிகாரி தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிக்கிறாரு, பல்லெல்லாம் எண்ணிடலாம், தண்ணி அவ்வளவு..." அவன் நிறுத்தினான். வாளியைப் பார்த்தான். "அது இந்தத் தண்ணி இல்ல."

அப்போது உச்சியில் இருந்த திறப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"என்னங்க. உள்ள இருக்கீங்களா?"

தண்ணிக்காரரின் மனைவி. பக்கத்துத் தெருவில் அதே கார் கம்பெனியின் ஷோரூமில், சர்வீஸுக்கு வரும் கார்களைக் கழுவுகிறவள். சாப்பாடு கொண்டுவந்தவளை வாசலில் விடவில்லை. சுற்றி வந்து, பின்சுவரை ஒட்டிக் கிடந்த பலகைகளின் மேல் ஏறி நின்றிருந்தாள். இரும்புச் சட்டத்தைப் பிடித்த நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீரிலேயே கிடந்து நுனி வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.

"எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள உங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். எங்க மேனேஜரு இப்பவே என்னை ஒரு மாதிரியா பாக்குறாரு. உங்க பேரு அந்தப் பட்டியல்ல ஏறுச்சுன்னா எனக்கும் அங்க வேலை இல்லையாம்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் அவர்.

"ரொம்ப முக்கியம்."

நத்தை திறப்புக்குக் கீழே போய் நின்றாள். தான் யாரென்று சொன்னாள். நேற்று எத்தனை கார் கழுவினாய் என்று கேட்டாள். இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்பது போல அந்த விரல்கள் சட்டத்தை இறுக்கிப் பிடித்தன.

பிறகு அவள் சொன்னாள். நேற்று பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒரு கார்கூடக் கழுவவில்லை. ஷோரூமுக்குத் தண்ணீர் டாங்கர் லாரியில்தான் வரும். நேற்று வரவில்லை. கம்பெனி வேலையாக வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொன்னார். இரண்டு மணிக்குப் பாதி லாரிதான் வந்தது. மீதியைப் பக்கத்துத் தெரு தொழிற்சாலையில் இறக்கினேன் என்று டிரைவர் சொன்னார்.

"அந்தத் தண்ணி எப்படி இருக்கும்?"

"கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா மருந்து வாடை. குளோரின் அள்ளிக் கொட்டியிருப்பாங்க. முதல் வாளி பிடிக்கும்போது கண்ணு எரியும்."

நத்தை சுவரில் சாய்ந்தாள். அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் மீன் வளர்க்கிறார்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, மருந்து பறந்த பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஊற்றினால் மறுநாள் மீன் இருக்காது.

"இவரோட தண்ணி மீனைக் கொல்லல பட்டாசு. படத்துல அழகாத் தெரியணும்னு இந்த மஞ்சத் தண்ணிய எடுத்துட்டு, லாரித் தண்ணிய ஊத்தியிருக்காங்க. அது கொன்னுடுச்சு. படம் எடுத்து முடிச்சு, வால்வைத் திரும்பத் திறந்துட்டாங்க. ராத்திரி பூரா இவர் தண்ணி ஓடி, காலைல தொட்டி பழைய நிறத்துக்கு வந்துடுச்சு. சாட்சியும் போச்சு."

"யாரு பாஸ்? முதலாளியா?"

"தொழிற்சாலை முதலாளி சொன்னா ஷோரூம் மேனேஜர் தன்னோட லாரியை அனுப்புவாரா? மேனேஜர் சொன்னா முதலாளி தன்னோட வால்வை மூடுவாரா? ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தான் தலையாட்டுவாங்க."

பட்டாசு விரல்விட்டு எண்ணத் தொடங்கி, முதல் விரலிலேயே நின்றான்.

"நம்மளைக் கூப்பிட்டதே அவருதானே. தான் செஞ்ச கொலையைக் கண்டுபிடிக்க யாராவது துப்பறிய ஆள் வைப்பாங்களா?"

"தான் செஞ்சதுன்னு தெரிஞ்சா வைக்க மாட்டாங்க."

மூன்றேகாலுக்குப் பூட்டுத் திறந்தது. பசுமை அதிகாரி உள்ளே வந்தார். சட்டைப் பையில் பச்சை இலைச் சின்னம். அவருக்குப் பின்னால் தொழிற்சாலை முதலாளி. அறிக்கை தயாரா என்று அதிகாரி கேட்டார். தயார் என்று சொல்லி, நத்தை அவரை வாளியிடம் அழைத்துப் போனாள். நிதானமாக, ஒவ்வொரு குழாயாகக் காட்டிச் சொன்னாள். அவர் முதலில் மறுத்தார். குடிக்கிற தண்ணீர் எப்படி மீனைக் கொல்லும் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு மட்டும் முகத்தில் தங்கியிருக்க, மற்றதெல்லாம் இறங்கிப் போனது. திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். லாரியிலிருந்து குழாய் போட்டபோதே அவருக்குச் சந்தேகம் இருந்தது. நீங்கள் சொல்லும்போது எப்படி மறுப்பது சார், அடுத்த வருட ஆர்டர் உங்கள் கையில் இருக்கிறதே என்றார்.

அதிகாரி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முந்நூறு தொழிற்சாலை, இரண்டு வருடம், வீட்டை மறந்து அலைந்த அலைச்சல். இந்தக் கதை வெளியே போனால் திட்டத்தையே கேலி செய்து மூடிவிடுவார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். அது பொய்யில்லை என்று நத்தைக்கும் தெரிந்தது. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். காரணம் தெரியவில்லை என்று அறிக்கையை முடித்துவிடலாம். யார் மேலும் பழி இல்லை. தண்ணிக்காரர் இப்போதே வீட்டுக்குப் போகலாம்.

அதில் என் கையெழுத்து வராது என்றாள் நத்தை.

"பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்," என்றார் அதிகாரி. தண்ணிக்காரரிடம் திரும்பி, "கதவு திறந்துதான் இருக்கு. போங்க," என்றார்.

தண்ணிக்காரர் கதவைப் பார்த்தார். வெளியே வெயில் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் நடந்தார். கதவுவரை போய், அதன் அருகே சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பம்ப் நின்றது. அந்தச் சத்தம் அங்கே இவ்வளவு நேரம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"காரணம் தெரியலைன்னு முடிச்சா, விசாரணைல இருந்த பேரும் பட்டியல்ல ஏறிடும் சார். எனக்கும் விதி தெரியும். நேத்து சாயங்காலம் வகுப்புக்கு வந்து நீங்கதான் சொன்னீங்க." அவர் முதலாளியைப் பார்த்தார். "முதல் தொட்டி நிரம்ப இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள முலாம் பட்டறையை நிறுத்திடுங்க. வெளிய வழிஞ்சா வாய்க்காலுக்குப் போயிடும், அதை நான் விட மாட்டேன்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டறை நின்றால் ஐந்து மணி லாரிக்கு போல்ட் இல்லை. லாரி போகாவிட்டால் காலையில் கார் கம்பெனியில் உற்பத்தியே நிற்கும். வேறு யாரையாவது விட்டு ஓட்டச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நின்றதை மறுபடி சரிப்படுத்தி ஓட்ட வேறு யாருக்கும் தெரியாது என்றார் முதலாளி.

ஐந்து பேரும் நின்றார்கள். இப்போது கதவு திறந்திருந்தது. யாராலும் போக முடியவில்லை. முதல் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கு என் பேரு வேணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

அதிகாரி காகிதம் கேட்டார். பட்டாசு அந்த ஒப்புதல் கடிதத்தையே திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வர நீட்டினான். அவர் எழுதினார். ஒரு வரி எழுதி, நிறுத்தி, அடுத்த வரி. எழுதி முடித்துக் கொடுத்தபோது மணி மூன்று ஐம்பது.

தண்ணிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, உதடுகளை அசைத்து முழுதாகப் படித்தார்.

"தொட்டித் தண்ணியை மாத்தினாங்கன்னு எழுதியிருக்கீங்க. யாரு மாத்தச் சொன்னதுன்னு இல்லையே."

அதிகாரியின் பேனா காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் பெயரையும் பதவியையும் எழுதி, கீழே கையெழுத்திட்டார். பக்கத்தில் நத்தையும் கையெழுத்திட்டாள்.

"இயக்குனர் கையில இதுதான் போகணும். ஷோரூம் மேனேஜருக்கு ஒரு பிரதி. இன்னைக்கே," என்றார் தண்ணிக்காரர்.

அதிகாரி தலையசைத்தார்.

தண்ணிக்காரர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பம்ப் முனகி, உதறி, ஓடத் தொடங்கியது. முதல் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒரு வால்வை அரைச் சுற்று திருகினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே திரும்பியபோது, எல்லோரும் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தார்.

"ஆறு மணிவரைக்கும் என் ஷிப்ட்," என்றார். "எல்லாரும் வெளிய போங்க. இங்க வேலை நடக்குது."

முதலில் வெளியே போனவர் அதிகாரி.